சும்மா இருக்கும்போது இழுக்கும் கரண்ட்: லேப்டாப் பேட்டரியும் இயங்குதள அமைப்புகளும்

லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரிலோ, மூடியைக் கழற்றினால் பேட்டரியின் மேலேயோ, வாட்-மணி என்ற அலகில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். 42, 50, 57 என்று ஏதாவது ஒன்று. பெரிய லேப்டாப்பிலும் அது பெரும்பாலும் 100ஐத் தாண்டாது. அதற்கு மேல் கொள்ளளவு உள்ள பேட்டரியை விமானத்தில் எடுத்துப்போக விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்பதால், தயாரிப்பாளர்கள் 99ஐ ஒட்டி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த எண் வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி. குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது வாட். 50 வாட்-மணி பேட்டரியிலிருந்து 5 வாட் இழுத்தால் 10 மணி நேரம் வரும். 10 வாட் இழுத்தால் 5 மணி நேரம். 15 வாட் என்றால் 3 மணி 20 நிமிடத்தில் தொட்டி காலி.

கணக்கு இவ்வளவுதான். ஆனாலும் தன் லேப்டாப் எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு. எல்லோரும் பார்ப்பது திரையின் மூலையில் இருக்கும் சதவீதத்தை. அது 20க்கு வந்ததும் பிரைட்னஸைக் குறைக்கிறோம், புளூடூத்தை அணைக்கிறோம், நாலைந்து ஜன்னல்களை மூடுகிறோம். இதில் எது உதவியது, எது வெறும் மன ஆறுதல் என்று கடைசிவரை தெரிவதில்லை.

சில வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் இருந்தேன். கையில் இருந்த லேப்டாப்பில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். விண்டோஸில் ஆறு மணி நேரம் தாங்கிய பேட்டரி மூன்றரை மணி நேரத்தில் தீர்ந்தது. எந்தச் செயலியும் திறக்காமல், திரையைப் பாதி வெளிச்சத்தில் வைத்து அளந்து பார்த்தபோது 10 வாட்டுக்கு மேல் காட்டியது. இரண்டு மாலை நேரங்கள் உட்கார்ந்து அமைப்புகளை மாற்றியதில் அது ஐந்தரை வாட்டுக்கு இறங்கியது. லேப்டாப்பின் வேகம் துளியும் குறையவில்லை. நான் எதையும் மெதுவாக்கவில்லை, தூங்க வேண்டிய பாகங்களைத் தூங்க விடாமல் வைத்திருந்தது எது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன், அவ்வளவுதான். பேட்டரி சேமிப்பு என்றாலே லேப்டாப்பை முடக்கிப்போடுவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. சும்மா இருக்கும் கணினியை உண்மையிலேயே சும்மா இருக்கச் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி.

இந்தப் பொறுப்பு இயங்குதளத்தின் கைக்கு எப்போது வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1992ல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் கொண்டுவந்த ஏபிஎம் என்ற ஏற்பாட்டில், மின்சாரத்தைப் பற்றிய முடிவுகளைப் பெரும்பாலும் பயாஸ்தான், அதாவது கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்தான், எடுத்தது. மேலே என்ன வேலை நடக்கிறது என்று பயாஸுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கீபோர்டில் தட்டல் இல்லை என்றால் அணைத்துவிடும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புதிய தரத்தை வெளியிட்டன. எந்தெந்தப் பாகத்தை எந்தெந்த நிலையில் வைக்கலாம் என்று பயாஸ் ஒரு பட்டியல் கொடுக்கும், முடிவெடுப்பது இயங்குதளம். இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். ஒரே லேப்டாப்பில் ஒரு இயங்குதளம் ஆறு மணி நேரமும் இன்னொன்று மூன்றரை மணி நேரமும் ஓடுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ப்ராசஸரின் தூக்கத்துக்குப் பல படிகள் உண்டு. அவற்றை சி-நிலைகள் என்பார்கள். சி0 என்றால் விழித்து வேலை செய்கிறது. சி1 என்றால் கண்ணை மூடியிருக்கிறது, கூப்பிட்டால் உடனே எழும். எண் ஏற ஏறத் தூக்கம் ஆழமாகும். ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைக் கோர் என்பார்கள். சி6ல் ஒரு கோருக்குப் போகும் மின்சாரத்தையே கிட்டத்தட்ட நிறுத்திவிடலாம். இன்டெலின் லேப்டாப் சில்லுகளில் சி10 வரை உண்டு. ஆழமான தூக்கத்துக்குப் போகவும், அதிலிருந்து எழவும் நேரம் பிடிக்கும். அதனால் இயங்குதளம் ஒவ்வொரு முறையும் ஒரு கணிப்புப் போடுகிறது. அடுத்த வேலை வர எவ்வளவு நேரம் இருக்கிறது? நிறைய நேரம் இருந்தால் ஆழமாகத் தூங்கலாம். நொடிக்கு ஆயிரம் தடவை யாராவது தட்டி எழுப்பினால் மேலோட்டமான தூக்கம்தான் வாய்க்கும்.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. கோர்கள் எல்லாம் தூங்கிவிட்டாலும் முழுச் சில்லும், அதாவது மெமரி கன்ட்ரோலர், கிராஃபிக்ஸ், வெளியே போகும் இணைப்புகள் எல்லாம் சேர்ந்து தூங்கினால்தான் பெரிய மிச்சம் கிடைக்கும். இதை பேக்கேஜ் நிலை என்பார்கள். வீட்டில் ஒருவர் விழித்துப் படித்துக்கொண்டிருந்தால் ஹால் விளக்கை அணைக்க முடியாது அல்லவா? அதுபோல, ஒரே ஒரு பாகம் விழித்திருந்தால் முழுச் சில்லும் மேலே நின்றுவிடும். அந்தப் பாகம் தனக்கென்று இழுப்பது கால் வாட்டாக இருக்கலாம். அதனால் மற்றவை தூங்க முடியாமல் போகும் நட்டம் இரண்டு மூன்று வாட்டாக இருக்கலாம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பேட்டரி அமைப்புகளில் பாதிக்கு மேல் தானாகப் புரிந்துவிடும்.

2007ல் இது எல்லோர் கண்ணுக்கும் தெரியவந்தது. அதுவரை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், செய்ய வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நொடிக்கு 250 அல்லது 1000 முறை தன்னைத் தானே எழுப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஏப்ரலில் வெளியான 2.6.21 பதிப்பில், வேலை இல்லாதபோது டிக் எனப்படும் இந்த விழிப்பை நிறுத்தும் வசதி வந்தது. கர்னல் அமைதியானது, ஆனால் ப்ராசஸர் இன்னும் தூங்கவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க இன்டெலில் இருந்த ஆர்யன் வான் டி வென்னும் அவர் குழுவும் அடுத்த மாதமே பவர்டாப் என்ற சிறிய கருவியை வெளியிட்டார்கள். ப்ராசஸரை எந்த நிரல், நொடிக்கு எத்தனை முறை எழுப்புகிறது என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடும் கருவி அது. பட்டியலைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எதுவும் மாறியிருக்காது என்று தெரிந்தும் நொடிக்குப் பத்து முறை எட்டிப் பார்க்கும் ஐகான்கள், வராத செய்திக்காகத் தூங்காமல் காத்திருக்கும் அரட்டைச் செயலிகள் என்று நிறைய இருந்தன. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. நிரல் எழுதியவருக்குத் தன் நிரல் நொடிக்குப் பத்து முறை எழுவது சின்ன விஷயமாகத்தான் தெரிந்திருக்கும். இருபது நிரல்கள் அப்படி எழுந்தால் ப்ராசஸருக்குத் தூக்கமே இல்லை.

விண்டோஸிலும் இதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. அங்கே இயல்பான டிக் 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 64. ஏதாவது ஒரு செயலி கேட்டுக்கொண்டால் அதை 1 மில்லிநொடிக்கு இறக்கலாம். வெகுகாலம் ஒரு செயலி கேட்டாலே போதும், முழு இயங்குதளமும் அந்த வேகத்துக்கு மாறிவிடும். குரோம் பிரவுசர் விண்டோஸில் தேவையில்லாத நேரத்திலும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது 2014ல் பெரிய பேச்சானது, பிறகு திருத்தினார்கள். 2020ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 2004, ஒரு செயலி கேட்பது மற்றவற்றைப் பாதிக்காதபடி விதியை மாற்றியது. ஆப்பிள் 2013லேயே மேவரிக்ஸ் பதிப்பில் இன்னொரு வழி பிடித்தது. அடுத்தடுத்து எழ வேண்டிய வேலைகளைக் கொஞ்சம் நகர்த்தி, ஒரே நேரத்தில் எழுப்பி, ஒரேயடியாக முடித்துவிட்டுத் தூங்க வைக்கும். திரையில் மறைந்திருக்கும் செயலிகளை ஆப் நேப் என்ற பெயரில் கண்ணயர வைக்கும். மூன்று இயங்குதளங்களும் கடைசியில் ஒரே பாடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன.

சரி, நம் லேப்டாப்பில் இதை எப்படிப் பார்ப்பது? லினக்ஸில் பவர்டாப்பை நிறுவி, சார்ஜரைக் கழற்றிவிட்டு, டெர்மினலில் ரூட் உரிமையோடு, அதாவது நிர்வாகியின் முழு உரிமையோடு ஓட்டுங்கள். சார்ஜரில் இருக்கும்போது ஓட்டினால் பேட்டரியிலிருந்து போகும் வாட் தெரியாது. முதல் பக்கத்தில் நொடிக்கு மொத்தம் எத்தனை விழிப்பு என்று இருக்கும், கீழே பெயர்கள் வரிசையாக நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கீபோர்டைத் தொடாமல் விட்டுவிட்டுப் பாருங்கள். என் லேப்டாப்பில் முதல் தடவை பார்த்தபோது 900க்கு மேல் காட்டியது. முதலிடத்தில் இருந்தது பிரவுசர். பின்னணியில் இருந்த ஒரு டேபில், கிரிக்கெட் ஸ்கோர் பக்கத்தின் ஓரத்தில் ஒரு விளம்பரம் அசைந்துகொண்டே இருந்தது. அந்த ஒரு டேபை மூடியதும் எண் 300க்குக் கீழே வந்தது, வாட்டும் ஏறக்குறைய ஒன்றரை குறைந்தது. அடுத்த பக்கத்தில் ப்ராசஸர் எந்தத் தூக்க நிலையில் எத்தனை சதவீத நேரம் இருந்தது என்று தெரியும். அதில் பேக்கேஜ் என்ற பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கோர்கள் ஆழமாகத் தூங்கியும் பேக்கேஜ் நிலை இரண்டிலேயே நின்றுவிட்டால், ஏதோ ஒரு பாகம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

விண்டோஸில் இதற்கு இணையாக பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளை இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எனர்ஜி என்ற சொல்லோடு அதை ஓட்டினால் ஒரு நிமிடம் கவனித்துவிட்டு ஓர் அறிக்கை தரும். டைமர் வேகத்தை யார் கூட்டியது, எந்த யுஎஸ்பி சாதனம் தூங்க மறுக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பேட்டரி ரிப்போர்ட் கேட்டால், வாங்கியபோது இருந்த கொள்ளளவும் இப்போது மிச்சம் இருக்கும் கொள்ளளவும் பக்கத்துப் பக்கத்தில் வரும். அமைப்புகளில் கை வைக்கும் முன் இந்த இரண்டாவது அறிக்கையை அவசியம் பாருங்கள். 50 வாட்-மணி தொட்டி தேய்ந்து 28 ஆகியிருந்தால், எந்த அமைப்பும் பழைய நேரத்தைத் திருப்பித் தராது.

அடுத்து, ப்ராசஸரின் வேகம். மின்னணுச் சுற்றுகளில் செலவாகும் மின்சாரம் அதிர்வெண்ணோடு நேர்விகிதத்தில் ஏறும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் கூட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதனால் உச்ச வேகத்தின் கடைசிக் கொஞ்சத்துக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். இதைப் பார்த்துவிட்டுப் பலர் ப்ராசஸரை அதன் மிகக் குறைந்த வேகத்தில் கட்டிப்போடுகிறார்கள். அதுவும் தவறு. ஒரு வேலையை மெதுவாகச் செய்தால் அந்த நேரம் முழுவதும் மெமரி, திரையை ஓட்டும் சுற்று, இணைப்புகள் எல்லாம் விழித்திருக்கும். கொஞ்சம் வேகமாக முடித்துவிட்டு ஆழமாகத் தூங்குவதே பல சமயம் சிக்கனம். எங்கே நிற்பது என்பதைக் கையால் தீர்மானிப்பது கஷ்டம், சில்லுக்கு அது நன்றாகத் தெரியும். இன்டெல் 2015ல் ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து இந்த முடிவைச் சில்லின் கையிலேயே கொடுத்தது. இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் சில்லுகளுக்கு லினக்ஸில் ஏஎம்டி-பிஸ்டேட் என்ற டிரைவர், அதாவது வன்பொருளை இயங்குதளத்தோடு பேச வைக்கும் நிரல், 2022ல் கர்னல் 5.17ல் வந்தது, சில்லே முடிவெடுக்கும் முறை 2023ல் கர்னல் 6.3ல் சேர்ந்தது. இயங்குதளம் ஒரு விருப்பத்தை மட்டும் சொல்லும். வேகம் முக்கியமா, சிக்கனம் முக்கியமா என்று 0 முதல் 255 வரை ஓர் எண். விண்டோஸ் செட்டிங்ஸில் பவர் மோட் என்று வரும் தேர்வும், லினக்ஸில் வரும் நோம் டெஸ்க்டாப்பின் மூலையில் பவர் சேவர், பேலன்ஸ்டு என்று வரும் பட்டனும் உள்ளே இந்த விருப்பத்தையும் மாற்றுகின்றன. பேட்டரியில் இருக்கும்போது சிக்கனப் பக்கம் வைத்துவிட்டால் எழுதுவது, படிப்பது, மெயில் பார்ப்பது எதிலும் வித்தியாசம் தெரியாது.

விண்டோஸில் பழைய பவர் பிளான் பட்டியலில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கும் ஒரு வழி பல வருடங்களாகப் பேசப்படுகிறது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 99 ஆனதும், அவசரத்துக்கு இயல்பான வேகத்தைத் தாண்டி ஓடும் டர்போ வேகம் நின்றுவிடும், மேலே சொன்ன விலை உயர்ந்த கடைசிக் கொஞ்சம் கழிந்துவிடும். வெயில் காலத்தில் ஃபேன் சத்தம் குறையவும் இது உதவும்.

லினக்ஸ் பக்கம் ஒரு எச்சரிக்கை. டிஎல்பி, பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன், டியூன்டு என்று இதே வேலையைச் செய்யும் கருவிகள் பல இருக்கின்றன. உபுண்டு, ஃபெடோரா இரண்டும் லினக்ஸின் பிரபலமான வகைகள். உபுண்டு 22.04ல் பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன் கூடவே வருகிறது. ஃபெடோரா 2024ல் 41வது பதிப்பிலிருந்து டியூன்டுக்கு மாறிவிட்டது. ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது எங்கோ படித்துவிட்டு டிஎல்பியையும் சேர்த்துப் போட்டால், ஒன்று வைத்த அமைப்பை இன்னொன்று மாற்றும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். டிஎல்பியின் நல்ல குணம், அதன் இயல்பான அமைப்பே பெரும்பாலானவர்களுக்குப் போதும். அதன் அமைப்புக் கோப்பை முதல் நாளே திறந்து ஒவ்வொரு வரியாக மாற்ற வேண்டியதில்லை.

இப்போது அந்தத் திறந்த கதவுக்கு வருகிறேன். 2018 மே மாதம் வெளியான ஃபெடோரா 28ல் லேப்டாப் பேட்டரியைப் பற்றிய வேலைகளை ஹான்ஸ் டி கோடே என்ற நிரலாளர் முன்னின்று செய்தார். அவர் எடுத்த முக்கியமான சிக்கல் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா இணைப்பு. இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறை முதல், அந்த இணைப்பு தூங்கினால்தான் முழுச் சில்லும் ஆழமான பேக்கேஜ் நிலைக்குப் போக முடியும். அப்போது லினக்ஸ் அதை இயல்பாகத் தூங்க விடவில்லை. ஏன்? மிகச் சிக்கனமான நிலையில் வைத்தால் சில எஸ்எஸ்டிக்கள் திணறின. சிலருக்குக் கோப்புகளே கெட்டுப்போனதாகப் புகார்கள் வந்தன. ஒருவரின் பேட்டரிக்காக இன்னொருவரின் தரவைப் பணயம் வைக்க முடியாது என்று லினக்ஸ் ஒதுங்கி நின்றது, அது நியாயமும்தான். ஹான்ஸ் செய்தது என்னவென்றால், விண்டோஸ் லேப்டாப்புகளோடு வரும் இன்டெல் டிரைவர் எந்த நிலையை வைக்கிறதோ அதே நிலையை லினக்ஸிலும் ஒரு புதிய தேர்வாகச் சேர்த்தார். டிஸ்க் தயாரிப்பாளர்கள் அந்த நிலையில் சோதித்துத்தானே விற்கிறார்கள்? இது கர்னல் 4.15ல் சேர்ந்தது, ஃபெடோரா 28 அதையே லேப்டாப்புகளுக்கு இயல்பாக்கியது. நல்ல அமைப்பு என்பது இப்படித்தான் பொறுமையாக வருகிறது. ஏதோ ஒரு பட்டியலில் பார்த்த எல்லாவற்றையும் உச்சச் சிக்கனத்துக்குத் தள்ளும் முன், யாரோ ஒருவர் ஏன் அதை இயல்பாக அங்கே வைக்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

பவர்டாப்பிலேயே எல்லாச் சிக்கன அமைப்புகளையும் ஒரே கட்டளையில் போட்டுவிடும் வசதி இருக்கிறது. போட்டுப் பாருங்கள், ஆனால் யுஎஸ்பி மவுஸ் வைத்திருந்தால் கவனியுங்கள். சில நொடி தொடாமல் விட்டால் மவுஸ் தூங்கிவிடும். திரும்ப நகர்த்தும்போது கர்சர் முதலில் அசையாது, பிறகு குதித்து ஓடும். ஆடியோ சில்லைத் தூங்க விட்டால் சில லேப்டாப்புகளில் ஒவ்வொரு ஒலி தொடங்கும் முன்னும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்கும். இந்த இரண்டையும் விலக்கிவிட்டு மற்றவற்றை வைத்துக்கொண்டால் இழப்பு பெரிதில்லை.

தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் என்றால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதைப் பாருங்கள். என்விடியா 2010ல் கொண்டுவந்த ஆப்டிமஸ் முறையில், சாதாரண வேலைக்கு ப்ராசஸரோடு இருக்கும் கிராஃபிக்ஸ் ஓடும், கேமுக்கு மட்டும் தனி கார்டு எழும். லினக்ஸில் அந்தக் கார்டு முழுமையாக அணைய, ட்யூரிங் அல்லது அதற்குப் பிந்தைய தலைமுறையும் பொருத்தமான டிரைவரும் வேண்டும். கார்டு தூங்குகிறதா என்று கர்னல் தரும் நிலைக் கோப்பில் பார்க்கலாம். சஸ்பெண்டட் என்று இருந்தால் நிம்மதி. ஆக்டிவ் என்று இருந்தால் பல வாட்டுகள் வீணாகப் போகின்றன. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என்விடியா கொடுக்கும் நிலவரக் கட்டளையை ஓட்டினாலே கார்டு எழுந்துவிடும். தூங்குகிறதா என்று கேட்டுத் தட்டினால் எழத்தானே செய்யும்? டெஸ்க்டாப் ஓரத்தில் கார்டின் வெப்பநிலையைக் காட்டும் ஒரு விட்ஜெட் வைத்திருந்தால், அது இரண்டு நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கேட்டுக் கார்டைத் தூங்கவே விடாது.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதன் பங்கு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும். 2018 கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் 1 வாட்டில் ஓடும் லேப்டாப் திரையை இன்டெல் ஒரு சாதனையாகவே காட்டியது என்றால் சாதாரணத் திரை எவ்வளவு இழுக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். டார்க் மோடு மிச்சப்படுத்துமா என்பதற்கு, எந்தத் திரை என்பதுதான் பதில். ஓலெட் திரையில் கறுப்புப் புள்ளி அணைந்தே இருக்கும், மிச்சம் உண்டு. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிகிறது, கறுப்பு அதை மறைக்கிறது. கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரிக்காக வேண்டாம். 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் பேட்டரியில் 60க்கு இறக்கலாம். திரையில் எதுவும் மாறாதபோது திரையே தன் நினைவிலிருந்து படத்தைக் காட்டிக்கொண்டு மற்றவற்றைத் தூங்க விடும் வசதியும் பல லேப்டாப்புகளில் உண்டு. மேலே சொன்ன அசையும் விளம்பரம் அதையும் சேர்த்தே கெடுக்கும்.

அப்புறம் வீடியோ. சுருக்கி அனுப்பப்படும் யூடியூப் வீடியோவைக் கிராஃபிக்ஸில் இருக்கும் தனிச் சுற்று பிரித்துப் படமாக்கினால் செலவு மிகக் குறைவு, ப்ராசஸர் கோர்கள் பிரித்தால் ஃபேன் சுற்றத் தொடங்கிவிடும். விண்டோஸிலும் மேக்கிலும் இது பொதுவாகத் தானாக நடக்கும். லினக்ஸில் ஃபயர்பாக்ஸ் 2023 ஜூலையில் வந்த 115வது பதிப்பில்தான் இன்டெல் கிராஃபிக்ஸுக்கு இதை இயல்பாக்கியது. அதற்கு வேண்டிய வீடியோ டிரைவர் பொதி சில லினக்ஸ் பதிப்புகளில் கூடவே வராது, நாமாக நிறுவ வேண்டும். பழைய லேப்டாப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏவி1 என்ற புதிய வடிவத்தைப் பிரிக்கும் சுற்று இன்டெலில் 11வது தலைமுறையிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தைய சில்லுக்கு ஏவி1 வீடியோ வந்தால் ப்ராசஸர்தான் சுமக்க வேண்டும். பிரவுசரின் உள் அமைப்பில் ஏவி1ஐ அணைத்துவிட்டால் தளம் பழைய வடிவத்தை அனுப்பும்.

கடைசியாக, மூடி வைத்த லேப்டாப். இரவு 80 சதவீதத்தில் மூடி வைத்தால் காலையில் 50 இருக்கிறது, பையில் போட்டால் சூடாகிறது என்று நண்பர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இது பேட்டரியின் குறை இல்லை. பழைய எஸ்3 தூக்கத்தில் மெமரிக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றவை அணைந்துவிடும். 2012ல் விண்டோஸ் 8ல் தொடங்கி, விண்டோஸ் 10ல் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று பெயர் பெற்ற முறையில், லேப்டாப் ஃபோனைப் போல மூடியிருக்கும்போதும் மெயில் எடுக்கலாம், அப்டேட் பார்க்கலாம். எல்லாப் பாகங்களும் ஒழுங்காகத் தூங்கினால் இதிலும் செலவு மிகக் குறைவு. ஒன்று தூங்காவிட்டால் பைக்குள் லேப்டாப் விழித்தே இருக்கும். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்3 அடியோடு நீக்கப்பட்டுவிட்டது, எனக்கு இது இன்னும் வருத்தம்தான். விண்டோஸில் பவர்சிஎஃப்ஜியிடம் ஸ்லீப் ஸ்டடி கேட்டால் மூடியிருந்த ஒவ்வொரு முறையும் யார் விழித்திருந்தார்கள் என்று தெரியும். அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால், மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆகும்படி, அதாவது மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும்படி, மாற்றிவிடுங்கள். திறக்கும்போது பத்து இருபது நொடி கூடுதலாகும், ஆனால் பையில் இருக்கும்வரை செலவு ஏறக்குறைய பூஜ்யம். லினக்ஸில் ஹைபர்நேட்டுக்குப் போதிய ஸ்வாப் இடம், அதாவது மெமரியில் இருப்பதை எழுதி வைக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம், வேண்டும். கையெழுத்திட்ட இயங்குதளத்தை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் போட்டிருந்தால் பல லினக்ஸ் பதிப்புகளில் கர்னல் அதை அனுமதிக்காது. லினக்ஸில் எஸ்3 இருக்கிறதா என்று பார்க்க, கர்னலின் மெம்-ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்தால் போதும். டீப் என்ற சொல் இருந்தால் எஸ்3 உண்டு.

மேஜையிலேயே சார்ஜரோடு வைத்து வேலை செய்பவர்கள் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். லித்தியம்-அயான் பேட்டரி முழு சார்ஜிலும் சூட்டிலும் நாள்கணக்கில் இருந்தால் வேகமாகத் தேயும். விண்டோஸில் இது பெரும்பாலும் தயாரிப்பாளரின் செயலியில் இருக்கும். டிஎல்பியில் இரண்டு வரி. 2025 மார்ச்சில் வந்த நோம் 48ல், லேப்டாப் ஆதரித்தால், செட்டிங்ஸிலேயே ஒரு தேர்வாக வந்துவிட்டது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 2011ல் லினக்ஸ் 2.6.38 வந்தபோது பலருடைய லேப்டாப்பில் மின்செலவு திடீரென்று ஏறியது. ஃபோரானிக்ஸ் என்ற இணையதளம் அளந்து காட்டிய பிறகுதான் பலரும் கவனித்தார்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளைத் தூங்க வைக்கும் ஏஎஸ்பிஎம் வசதி தனக்கு இல்லை என்று பல பயாஸ்கள் சொல்லின. புதிய கர்னல் அதை அப்படியே நம்பி, பயாஸே ஏற்கெனவே போட்டு வைத்திருந்த சிக்கன அமைப்பையும் சேர்த்து அழித்துவிட்டது. அதே சொல்லைக் கேட்டு விண்டோஸ் என்ன செய்கிறது என்று மேத்யூ காரெட் என்ற லினக்ஸ் நிரலாளர் ஆராய்ந்தார். பயாஸ் வைத்ததைத் தொடாமல் விட்டுவிடுகிறது என்று கண்டு லினக்ஸையும் அப்படியே மாற்றினார். அந்தத் திருத்தம் 2012ல் 3.3 பதிப்பில் வந்து சேர்ந்தது. யாரும் எந்த அமைப்பையும் மாற்றாமலே, ஓர் அப்டேட்டில் ஏறி, இன்னோர் அப்டேட்டில் இறங்கியது.

அதனால் கர்னல் அப்டேட் வந்த அன்று நான் சார்ஜரைக் கழற்றி, திரையைப் பாதி வெளிச்சத்தில் வைத்து, ஐந்து நிமிடம் லேப்டாப்பைத் தொடாமல் விட்டுவிட்டுப் பவர்டாப்பைப் பார்க்கிறேன். மேஜை டிராயரில் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் தேதி, கர்னல் பதிப்பு, வாட் என்று மூன்று பத்தி. போன மாத வரியில் 5.4 என்று எழுதியிருக்கிறது.